புது மின்னஞ்சல் சின்னம் எப்போது அணைய வேண்டும்?

கணினித் திரையின் ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், சிறிய கடித உறையின் படம் ஒன்று தோன்றுகிறது. புது மின்னஞ்சல் வந்திருக்கிறது என்று அர்த்தம். அலுவலகக் கணினியின் முன் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன படம். கடிதம் வந்தால் சின்னம் எரியும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் எரிந்த சின்னம் எப்போது அணைய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் சிக்கலாகிவிடும். கடிதத்தைத் திறந்து படித்ததும் அணைய வேண்டுமா, இன்பாக்ஸை ஒரு பார்வை பார்த்தாலே போதுமா? பத்துக் கடிதங்கள் வந்து, அவற்றில் ஒன்றை மட்டும் படித்தால் என்ன ஆக வேண்டும்? பேருந்தில் வரும்போதே கைபேசியில் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டவருக்கு, அலுவலகக் கணினி எதைக் காட்ட வேண்டும்? அவுட்லுக் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது, தண்டர்பேர்டு வேறொன்று, ஆப்பிளின் மெயில் இன்னொன்று. ஒரே நிரலின் இரண்டு பதிப்புகள்கூட ஒத்துப்போவதில்லை. ஒரு புது அஞ்சல் சின்னம் நல்லதா கெட்டதா என்பதை அது எரியும் விதத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது, அணையும் விதத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு ஏதாவது வந்திருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு அது பதில் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்ததும், எந்தக் கருவியில் பார்த்திருந்தாலும், அணைந்துவிட வேண்டும். படிக்காமல் கிடப்பவை எத்தனை என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே சின்னத்தின் தலையில் கட்டியதால் வந்ததே இன்றைய குழப்பத்தில் பெரும்பகுதி.

இந்தச் சின்னத்தின் வம்சாவளியைத் தேடிப் போனால் 1980-இல் போய் நிற்போம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தங்கள் வழியில் வளர்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்த ஆண்டு வெளியிட்ட 4.0 பி.எஸ்.டி. பதிப்பில் ‘பிஃப்’ என்ற சிறு நிரலைச் சேர்த்தார்கள். பிஃப், அங்கே பணியாற்றிய ஹைடி ஸ்டெட்னர் வளர்த்த நாயின் பெயர். தபால்காரரைப் பார்த்தால் குரைக்கும் என்பதால்தான் நிரலுக்கு அந்த நாயின் பெயரை வைத்தார்கள் என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. நாயை வளர்த்தவரே அதை மறுத்துவிட்டார். ஆனாலும் நிரலின் குணம் குரைப்பதுதான். அதை இயக்கி வைத்திருந்தால், கடிதம் வந்ததும் மணி ஒலிக்கும். அனுப்பியவர் யார், எதைப் பற்றி, முதல் சில வரிகள் என்ன என்பதெல்லாம் நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் திரையின் நடுவிலேயே வந்து விழும். ஏதாவது தட்டச்சு செய்துகொண்டிருந்தால் அதன் மேலேயே எழுத்துகள் படரும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பிஃப்புக்கு ஞாபகம் கிடையாது. ஒருமுறை அறிவித்ததோடு அதன் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் நீங்கள் இருக்கையில் இல்லையென்றால், அறிவிப்பு மற்ற வரிகளோடு மேலே உருண்டு போயிருக்கும். கடிதம் காத்திருப்பதைத் திரும்பி வந்தவருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

இந்தக் குறையைத் தீர்த்தது எக்ஸ்பிஃப். எம்.ஐ.டி.யில் உருவான எக்ஸ் விண்டோ அமைப்பு திரையில் படங்களையும் சாளரங்களையும் காட்டத் தொடங்கியபோது, அதோடு வந்த சிறு நிரல்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கக் கிராமப்புறங்களில் வீட்டுக்கு முன்னால் கம்பத்தில் நிற்கும் தபால்பெட்டியின் படம், அதன் பக்கவாட்டில் ஒரு கொடி. கடிதம் இல்லாதபோது கொடி தாழ்ந்திருக்கும், வந்தால் ஏறும். அசல் தபால்பெட்டியில் கொடியை ஏற்றுபவர் வீட்டுக்காரர். எடுத்துப்போக ஒரு கடிதம் உள்ளே இருக்கிறது என்று தபால்காரருக்குச் சொல்வதற்காக ஏற்றுவார். எக்ஸ்பிஃப் அந்தச் சைகையின் திசையைத் திருப்பிவிட்டது. உள்ளுக்குள் அது செய்த வேலை மிக எளிது. உங்கள் கடிதங்கள் சேரும் கோப்பின் அளவைக் குறிப்பிட்ட நொடிகளுக்கு ஒருமுறை பார்க்கும். அளவு கூடியிருந்தால் கொடியை ஏற்றும். நாம் கவனிக்க வேண்டியது கொடியை இறக்கும் விதத்தை. படத்தின் மேல் மவுஸை ஒருமுறை அழுத்தினால் போதும். அந்த நேரத்தில் கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அதையே ‘காலி’ என்று நினைவில் வைத்துக்கொண்டு எக்ஸ்பிஃப் கொடியை இறக்கிவிடும். கடிதத்தைப் படித்தீர்களா, பதில் போட்டீர்களா, அழித்தீர்களா என்பதையெல்லாம் அது கேட்காது. தெரிந்துகொண்டேன் என்று நீங்கள் சொன்னால் அதற்குப் போதும். அடுத்த கடிதம் வரும்வரை அது உங்களைத் தொந்தரவு செய்யாது. ஒரு கோப்பின் அளவைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு நிரல், பிற்காலத்தில் வந்த பல பெரிய நிரல்களைவிடச் சரியான முடிவை எடுத்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, திரையின் அடியில் ஒரு பட்டையையும் அதன் கோடியில் கடிகாரத்தை ஒட்டி சின்னங்களுக்கென்று ஓர் இடத்தையும் கொடுத்தது. அவுட்லுக்கின் மஞ்சள் உறை அங்கேதான் குடியேறியது. இன்றும் பழைய அவுட்லுக்கின் அமைப்புகளில் கடிதம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியைத் திறந்தால் நான்கு கட்டங்கள் தெரியும்: ஒலி எழுப்பலாம், மவுஸ் முனையின் உருவத்தைச் சற்று நேரம் மாற்றலாம், டாஸ்க்பாரில் உறையைக் காட்டலாம், திரையோரத்தில் அறிவிப்புப் பெட்டியை நீட்டலாம். முதல் இரண்டும் நான்காவதும் பிஃப்பின் வழிவந்தவை. ஒருமுறை அறிவித்துவிட்டு மறைந்துபோகிறவை. உறை மட்டுமே எக்ஸ்பிஃப்பின் வாரிசு. நான்கையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்திருப்பதால் எல்லாம் ஒரே இனம் என்று நினைத்துவிடுகிறோம். அதே அவுட்லுக்கில், இடப்பக்கம் இன்பாக்ஸ் என்ற பெயருக்கு அருகே ஓர் எண்ணும் இருக்கிறது. படிக்காத கடிதங்கள் எத்தனை என்பதை அது சொல்கிறது. உறை சொல்வது ஏதோ வந்திருக்கிறது என்ற செய்தியை. எண் சொல்வது மிச்சம் எவ்வளவு என்ற கணக்கை. இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கும்வரை குழப்பம் எதுவும் வராது.

ஆப்பிளின் மெயில் இந்த இரண்டையும் ஒன்றாக்கியது. திரையின் அடியில் வரிசையாக நிற்கும் நிரல் சின்னங்களில் மெயிலின் சின்னத்தின் மேல் ஒரு சிவப்பு வட்டம், அதனுள் படிக்காத கடிதங்களின் எண்ணிக்கை. 2007-இல் வந்த ஐஃபோன் அதே சிவப்பு வட்டத்தைக் கோடிக்கணக்கானோரின் கைக்குக் கொண்டுபோனது. பிறகு அது எல்லா நிரல்களுக்கும் பொது மொழியாகிவிட்டது. அந்த வட்டத்தால் புதிதாக வந்ததைச் சொல்ல முடியாது. எண் 46 என்று நின்றால், அதில் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் வந்தவை எவை? 46 என்பது 47 ஆனதைக் கவனிக்க, முன்பு என்ன எண் இருந்தது என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கடைசியாகப் பார்த்தபோது என்ன இருந்தது என்ற அந்த ஞாபகத்தை எக்ஸ்பிஃப் நமக்காகச் சுமந்தது. சிவப்பு வட்டம் அதை நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. மளிகைக் கடைப் பற்று நோட்டு போல அது பழைய பாக்கியையும் இன்றைய வரவையும் ஒரே தொகையாகக் கூட்டிக் காட்டுகிறது. விளம்பரக் கடிதங்களைத் திறக்காமலே விட்டுவைப்பவருக்கு அந்த வட்டம் ஒருபோதும் அணையாது. அணையாத சின்னத்தைக் கண் சில நாட்களில் பார்க்க மறந்துவிடும். முக்கியமான கடிதம் வந்தாலும் வட்டத்தின் நிறமோ வடிவமோ மாறப்போவதில்லை.

தண்டர்பேர்டை உருவாக்கியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்தே இருந்திருக்கிறது. 2004 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்த அந்த நிரலின் உள் அமைப்புகளில், அறிவிப்பு தொடர்பான விசைகள் பலவற்றின் பெயரில் இன்றும் ‘பிஃப்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றில் ஒன்று, சின்னத்தின் மேல் காட்டும் எண் படிக்காதவற்றின் எண்ணிக்கையா, புதிதாக வந்தவற்றின் எண்ணிக்கையா என்று தேர்ந்தெடுக்க விடுகிறது. தண்டர்பேர்டின் கணக்கில் ஒரு கடிதம் ‘புதிது’ என்பதும் ‘படிக்காதது’ என்பதும் தனித்தனி நிலைகள். ஒரு கோப்புறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வேறொன்றுக்கு நகர்ந்தால், அதிலிருந்த கடிதங்கள் புதிது என்ற நிலையை இழக்கும். படிக்காதவை தடித்த எழுத்தில் அப்படியே இருக்கும். மனிதர்கள் கடிதங்களோடு உண்மையில் பழகும் விதத்துக்கு மிக நெருக்கமான ஏற்பாடு இது. இத்தனை நல்ல ஏற்பாட்டை, சாதாரணமாக யாரும் திறக்காத உள் அமைப்புப் பட்டியலில் ஒளித்து வைத்திருப்பதுதான் வருத்தம்.

ஒரு கடிதம் புதிது என்பதை நிரல் எப்படித் தெரிந்துகொள்கிறது? இங்கேதான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. சர்வரிலிருந்து கடிதங்களை எடுத்துவரும் பழைய முறையான பாப்3, 1996-இல் இன்றைய வடிவத்தில் வரையறுக்கப்பட்டது. அதில் சர்வருக்கு எந்த நினைவும் இல்லை. இத்தனை கடிதங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அடையாளக் குறி இது என்பதோடு சர்வர் நிறுத்திக்கொள்ளும். எவை ஏற்கெனவே வந்தவை என்று உங்கள் கணினியிலுள்ள நிரல்தான் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கணினிகளில் அதே முகவரியைத் திறந்தால், இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். ஒன்றில் படித்தது மற்றொன்றில் புதிதாகவே நிற்கும். ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் 1986-இல் உருவாக்கிய ஐமேப் முறை கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் குறிகளைப் பதித்தது. படித்துவிட்டது என்பதற்கு ஒரு குறி. புதிதாக வந்தது என்பதற்கு ‘ரீசன்ட்’ என்று ஒரு குறி. இரண்டாவது குறியின் விதிதான் சுவாரசியம். கடிதம் வந்த பிறகு எந்த நிரல் முதலில் அந்தப் பெட்டியைத் திறக்கிறதோ, அதற்கு மட்டுமே கடிதம் புதிது. அடுத்து வரும் நிரல்களுக்குப் பழையது. ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் திறந்திருந்தால் புது என்ற குறி யாருக்குப் போகும்? அதைச் சொல்ல முடியாது என்று 2003-இன் ஐமேப் வரையறையே வெளிப்படையாக எழுதிவைத்தது.

அலுவலகத்தில் ஒரு மேசைக்கணினி மட்டும் இருந்த காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. கைபேசி வந்த பிறகு குறி பயனற்றுப்போனது. நீங்கள் தூங்கும்போது கைபேசி தானாகவே சர்வரைத் தொட்டு எல்லாப் புதுக் குறிகளையும் எடுத்துக்கொண்டுவிடும். காலையில் திறக்கும் கணினிக்கு ஒன்றும் மிஞ்சாது. யாருமே பார்க்காத கடிதம் ‘பழையது’ ஆகிவிடுகிறது. கடைசியில், 2021 ஆகஸ்டில் வெளியான ஐமேப்பின் புதிய வரையறை அந்தக் குறியைக் கைவிட்டது. ஒரு நெறிமுறையின் தோல்வி என்று இதைக் கடந்துபோய்விடலாம். என் பார்வையில் இது இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று. ஒரு கடிதம் புதிது என்பதை நிரலின் பார்வையிலிருந்து வரையறுக்கவே முடியாது. அது கணினிக்குப் புதிதா, கைபேசிக்குப் புதிதா என்பதில் யாருக்கும் அக்கறையில்லை. மனிதருக்குப் புதிதா என்பதே கேள்வி. கிரிஸ்பினின் குறி தவறான ஆளிடம் கேட்டது. ஆனால் குறியை நீக்கியவர்கள் சரியான ஆளிடம் கேட்க வழி எதையும் அதன் இடத்தில் வைக்கவில்லை. எனவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பது ‘படித்தது’ என்ற குறி மட்டுமே. நிரல்கள் எல்லாம் படிக்காதவற்றின் எண்ணிக்கையைக் காட்டுவதில் போய் ஒதுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்; இந்த விஷயத்தில் கருவிகளுக்கு இடையே ஒத்துப்போகும் தகவல் அது ஒன்றுதான்.

சின்னம் எரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் இதே பின்னணியில் வருகிறது. முன்பெல்லாம் நிரல்தான் சர்வரிடம் போய்க் கேட்க வேண்டும். தண்டர்பேர்டு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். 1997-இல் ஐமேப்புக்கு ‘ஐடில்’ என்ற நீட்சி வந்தது. நிரல் இணைப்பைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கும். கடிதம் வந்ததும் சர்வரே சொல்லிவிடும். இணைப்பு அறுந்துபோகாமலிருக்க 29 நிமிடங்களுக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்கச் சொல்கிறது அந்த வரையறை. ஆனால் ஓர் இணைப்பு ஒரு கோப்புறையைத்தான் கவனிக்கும். மேலதிகாரியின் கடிதங்களைத் தனிக் கோப்புறைக்கு அனுப்பும்படி சர்வரில் விதி எழுதி வைத்திருப்பவருக்கு, அந்த முக்கியமான கடிதங்கள் வரும்போதுதான் சின்னம் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். தண்டர்பேர்டில் ஒவ்வொரு கோப்புறைக்கும் தனியாக அதைக் கவனிக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது. அவுட்லுக்கின் அறிவிப்புப் பெட்டியும் முதன்மை இன்பாக்ஸுக்கு வருபவற்றுக்கு மட்டுமே தோன்றும், விதியில் தனியாகக் கேட்டுக்கொண்டாலொழிய. கடிதங்களை ஒழுங்காகப் பிரித்து வைப்பவர்தான் அறிவிப்பை இழக்கிறார். பல கோப்புறைகளை ஒரே இணைப்பில் கவனிக்கும் நீட்சி 2009-லேயே எழுதப்பட்டுவிட்டது. அதைப் பயன்படுத்தும் சர்வர்களும் நிரல்களும் குறைவு.

சின்னத்துக்கு எரிவது, அணைந்திருப்பது தவிர மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. இன்றைய நிரல்கள் ஏறக்குறைய மறந்தேவிட்ட நிலை அது. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவியைப் பயன்படுத்தியவர்கள் அதன் சாளரத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன உறையைப் பார்த்திருப்பார்கள். புதுக் கடிதம் வந்திருந்தால் உறையின் பக்கத்தில் வியப்புக்குறி. சர்வரைக் கேட்டுப் பார்க்க முடியாவிட்டால் கேள்விக்குறி. நெட்ஸ்கேப்பின் வழியில் வந்த மோசில்லா நிரல்களின் மூலநிரலிலும் கோப்புறைக்கு மூன்று நிலைகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன: புது அஞ்சல் உண்டு, இல்லை, தெரியாது. இன்றைய சின்னங்களில் ‘தெரியாது’ என்பது ‘இல்லை’ என்பதன் உடையிலேயே வருகிறது. மடிக்கணினி உறங்கி எழுந்து, இணைப்பு அறுந்துபோனது நிரலுக்கே இன்னும் உறைக்காத நேரத்திலும், கடவுச்சொல் காலாவதியாகி சர்வர் கதவைச் சாத்திவிட்ட நேரத்திலும், சின்னம் அமைதியாகவே இருக்கும். பார்ப்பவர் கடிதம் எதுவும் வரவில்லை என்று நம்புவார். எரியாத சின்னத்தையும் நாம் ஒரு தகவலாகத்தான் படிக்கிறோம். அதனால் அது பொய்த் தகவலாக இருக்கக் கூடாது. நெட்ஸ்கேப் ஒரேயொரு கேள்விக்குறியால் காப்பாற்றிய நேர்மையை இன்றைய நிரல்கள் அழகுக்காகக் கைவிட்டிருக்கின்றன.

பார்த்ததும் அணையும் சின்னம் வேண்டும் என்றால் ஒரு மறுப்பு உடனே வரும். பார்த்தேன், நேரமில்லை, பிறகு படிக்கலாம் என்று விட்டேன். சின்னமும் அணைந்துவிட்டால் அந்தக் கடிதத்தை எனக்கு யார் ஞாபகப்படுத்துவது? கவலை நியாயமானதுதான். ஆனால் அது நினைவூட்டல் வேலை, அறிவிப்பு வேலை அல்ல. எந்தக் கடிதத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் நீங்கள்; அதற்குக் கொடியும் நட்சத்திரமும் ஏறக்குறைய எல்லா நிரல்களிலும் இருக்கின்றன. அவற்றில் பல ஐமேப் வழியாகக் கருவிக்குக் கருவி கூடவே வருகின்றன. படித்த கடிதத்தைப் படிக்காததாக மாற்றிவைத்து அதையே நினைவூட்டலாகப் பயன்படுத்தும் பழக்கம் பலருக்கும் உண்டு. கொடிகளைப் பயன்படுத்துவது எளிதாக இல்லாததால் பிறந்த பழக்கம் அது. அதை நம்பிச் சின்னத்தை எரியவிட்டால், திரும்பிப் பார்க்க வேண்டிய ஒரு கடிதத்துக்காகப் பார்க்கவே வேண்டாத நாற்பது கடிதங்களின் சுமையும் சின்னத்தின் மேல் ஏறும். இன்பாக்ஸை ஒவ்வொரு நாளும் காலி செய்துவிடுகிறவர்கள், எங்களுக்குப் படிக்காத எண்ணிக்கையே போதும் என்பார்கள். அவர்களுக்கு அது உண்மைதான். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும் இடத்தில் புதிதும் படிக்காததும் ஒன்றே. அந்த ஒழுக்கம் உள்ளவர்களுக்குப் பொருந்துவதை எல்லாருக்கும் இயல்புநிலையாக வைத்ததைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. சின்னமே எதற்கு, எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிட்டு வேண்டியபோது இன்பாக்ஸைத் திறந்தால் போதாதா? இதற்குப் பின்னால் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஜாக்சனும் அவருடைய சகாக்களும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களைக் கவனித்து 2001-இல் எழுதினார்கள்: வந்த கடிதங்களில் 70 சதவீதத்துக்கு ஊழியர்கள் 6 நொடிக்குள் எழுந்தோடினார்கள்; அதற்குப் பிறகு பழைய வேலையின் ஓட்டத்துக்குத் திரும்ப சராசரியாக 64 நொடிகள் ஆயின. 2015-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கோஸ்டாடின் குஷ்லெவும் எலிசபெத் டன்னும் 124 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்த்தவர்களுக்கு, வரம்பின்றிப் பார்த்த வாரத்தைவிட மன அழுத்தம் குறைவாக இருந்தது. இவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் 6 நொடியில் எழுந்தோட வைப்பது எது என்று பார்க்க வேண்டும். திடீரென்று கேட்கும் ஒலியும், திரையோரத்தில் எட்டிப்பார்த்து இரண்டு வரியைப் படிக்கத் தூண்டும் பெட்டியும்தான் அந்த வேலையைச் செய்யக்கூடியவை. வேலையின் நடுவே கை வைப்பவை அவை. அசையாமல் நிற்கும் உறை அப்படி எதையும் கோருவதில்லை. நீங்களாகக் கண்ணைத் திருப்பும்போது மட்டும் பதில் சொல்கிறது.

எல்லாவற்றையும் அணைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஷம்சி இக்பாலும் எரிக் ஹார்விட்ஸும் அவுட்லுக்கின் அறிவிப்புகளை அணைத்துவைத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சிலர் முன்பைவிட அடிக்கடி இன்பாக்ஸைத் தாங்களாகவே திறந்து பார்த்தார்கள். கவனம் சிதறுகிறது என்று தெரிந்தும், ஏதாவது வந்திருக்கிறதா என்ற அறிதலைப் பலரும் மதித்தார்கள். ஏதாவது வந்திருக்குமோ என்ற நினைப்பும் ஒரு குறுக்கீடுதான். அது உள்ளிருந்து வருவதால் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்பாக்ஸைத் திறந்தால் புதிது ஒன்றும் இல்லாவிட்டாலும் பழைய கடிதங்கள் கண்ணில் பட்டு இழுக்கும். திறக்காமலே பதில் தெரிந்தால் அந்த இழுப்பு மிச்சம். 1995-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் அமைதியான தொழில்நுட்பம் என்ற கருத்தை முன்வைத்தபோது காட்டிய எடுத்துக்காட்டு இதற்குப் பொருந்தும். நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் அந்த மையத்தின் கூரையிலிருந்து எட்டடி நீளப் பிளாஸ்டிக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். வலைப்பின்னலில் தகவல் ஓடுவதற்கேற்ப ஒரு சிறு மோட்டார் அதை அசைக்கும். போக்குவரத்து குறைவென்றால் அவ்வப்போது ஒரு துடிப்பு, அதிகமென்றால் சுழற்சி. வேலை செய்பவர் அதைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கவனத்தின் ஓரத்தில் அது எப்போதும் இருந்தது. நல்ல அஞ்சல் சின்னத்தின் இடமும் கவனத்தின் அந்த ஓரம்தான்.

அந்த ஓரத்தையும் இயங்குதளங்கள் சுருக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. 2009-இல் வந்த விண்டோஸ் 7, கடிகாரத்தின் பக்கத்தில் வந்து சேரும் புதுச் சின்னங்களை ஓர் அம்புக்குறியின் பின்னால் ஒளித்துவைப்பதை இயல்புநிலையாக்கியது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் நோம் திரைச்சூழல் 2011-இல் சின்னங்களின் வரிசையை மேல்பட்டையிலிருந்து எடுத்தது. 2017-இல் மிச்சமிருந்ததையும் நீக்கியது. கண்ட கண்ட நிரல்களெல்லாம் அங்கே வந்து சின்னத்தை ஒட்டி இடத்தைக் கெடுத்துவிட்டன என்பது இரண்டு முடிவுகளுக்கும் பின்னால் இருந்த நியாயம், அது பொய்யில்லை. ஆனால் ஒளித்துவைத்த உறையால் யாருக்கும் பயனில்லை. சின்னம் மறைந்த இடத்தை எட்டிப்பார்க்கும் பெட்டிகள் பிடித்துக்கொண்டன, அதாவது குரைக்கும் பிஃப். விண்டோஸில் அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ பயன்படுத்துகிறவர்கள், டாஸ்க்பார் அமைப்புகளுக்குப் போய் அந்த நிரலின் சின்னத்தை எப்போதும் வெளியில் தெரியும்படி வைத்துவிட்டு, ஒலியையும் அறிவிப்புப் பெட்டியையும் அணைத்துப் பார்க்கலாம். ஆப்பிள் மெயிலில் சிவப்பு வட்டம் எதை எண்ண வேண்டும் என்பதை மாற்றலாம். இன்பாக்ஸை மட்டும் எண்ணச் சொல்லலாம், எண்ணவே வேண்டாம் என்றும் சொல்லலாம். அறிவிப்பைத் தெரிந்தவர்களின் கடிதங்களுக்கோ, 2012 முதல் வந்த முக்கியஸ்தர் பட்டியலில் நீங்கள் சேர்த்தவர்களின் கடிதங்களுக்கோ மட்டும் ஒதுக்கலாம்.

பயனர் செய்யக்கூடியது அவ்வளவுதான். மீதி நிரல் எழுதுகிறவர்கள் கையில் இருக்கிறது. நீங்கள் இன்பாக்ஸைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற ஒரேயொரு நேரக்குறிப்பைச் சர்வரில் எழுதிவைத்தால் போதும். அதற்குப் பிறகு வந்தது புதிது; அதற்கு முந்தையது பழையது, படித்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பின்னணியில் கைபேசி சர்வரைத் தொடுவதைப் பார்வையாகக் கணக்கெடுக்காமல், திரையில் கடிதப் பட்டியல் கண் முன்னால் விரிந்த நேரத்தை மட்டும் எழுத வேண்டும். இது கற்பனைத் திட்டமும் இல்லை. சர்வரில் இப்படிச் சிறு குறிப்புகளை வைத்துக்கொள்ளும் வசதியை ஐமேப்புக்கு ‘மெட்டாடேட்டா’ என்ற நீட்சி 2009-இலேயே கொடுத்துவிட்டது. அந்தக் குறிப்புக்கு எல்லா நிரல்களும் ஏற்கும் ஒரு பொதுப் பெயரும், எல்லாச் சர்வர்களிலும் அந்த வசதியும்தான் பாக்கி. அவை அமைந்தால், பேருந்தில் கைபேசியில் இன்பாக்ஸைப் பார்த்துவிட்டு வருகிறவர் அலுவலகத்தில் கணினியைத் திறக்கும்போது உறை அணைந்திருக்கும். அவர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஏதாவது வந்திருந்தால் மட்டும் எரியும்.